வழித்தால் சதை இளகும், தழும்பு உடையாது

பல பிசியோதெரபி கிளினிக்குகளில் இப்போது ஒரு செட் ஸ்டீல் கருவி இருக்கிறது. பிறை வடிவத்தில் வளைந்தது ஒன்று, இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிற நீளமான சட்டம் ஒன்று, விரல் நுனி அளவுக்கு ஒடுங்கியது ஒன்று. வலிக்கிற இடத்தில் கொஞ்சம் கிரீம் தடவி, கருவியின் விளிம்பைச் சாய்த்து வைத்து, சதையின் மேல் வழித்து வழித்து இழுப்பார்கள். கருவியின் உதவியோடு மென்திசுவை இளக்குவது என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, இதை ஐஏஎஸ்டிஎம் என்பார்கள். செய்கிறவர் அநேகமாக ஒரு விளக்கமும் சொல்வார்: உள்ளே தழும்புத் திசு கட்டிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் இப்போது உடைக்கிறோம்.

நான் எழுத வந்தது இந்த விளக்கத்தைப் பற்றி. கருவி வைத்துத் தேய்த்த பிறகு உடம்பு லேசாவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் சரியில்லை. சுகம் கிடைத்தால் போதாதா, காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். போதாது. உள்ளே ஏதோ உடைகிறது என்று நம்புகிறவர், வலிக்க வலிக்க நல்லது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், தோல் கன்றிச் சிவந்தால் வேலை நடக்கிறது என்று நினைக்கிறார், வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியை விட்டுவிட்டு அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கிறார். தவறான விளக்கத்தின் விலை அது.

முதலில் நடப்பது என்ன என்று பார்க்கலாம். கெண்டைக்காலை எடுத்துக்கொள்வோம், ஓடுகிறவர்களும் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்களும் அதிகம் புகார் சொல்கிற இடம். குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலின் ஓரத்தில் தொங்கும்படி விட்டு, அகலமான கருவியால் குதிகாலிலிருந்து முழங்கால் பக்கமாக நீளமாக இழுக்கிறார்கள். கருவியைத் தோலுக்கு 30 முதல் 60 டிகிரிக்குள் சாய்த்துப் பிடிப்பது வழக்கம். சில இடங்களில் வழுக்கிக்கொண்டு போகும், சில இடங்களில் மணலில் இழுப்பது போல நரநரவென்று தட்டும். அந்த நரநரப்பு செய்கிறவர் கையிலும் தெரியும், படுத்திருப்பவருக்கும் தெரியும். அங்கே நிறுத்தி, சின்னக் கருவியை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் குட்டிக் குட்டியாகத் தேய்ப்பார்கள். ஒரு இடத்தில் சில நிமிடங்கள்தான். தோல் சிவந்து சூடாகும். அழுத்தம் கூடினால் செம்புள்ளிகள் எழும்.

நரநரவென்று தட்டுவதெல்லாம் தழும்பு என்பதில்தான் முதல் சறுக்கல் இருக்கிறது. எந்த வலியும் இல்லாத, எந்தக் காயமும் பட்டிராத ஆளின் காலில் இழுத்துப் பார்த்தாலும் பல இடங்களில் அதே நரநரப்பு கேட்கும். தோலுக்கு அடியில் கொழுப்புத் திட்டுகள் இருக்கின்றன, சதையைப் போர்த்தியிருக்கும் படலத்தின் மடிப்புகள் இருக்கின்றன, தசையும் அதை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் சேருகிற விளிம்பு இருக்கிறது. ஸ்டீல் விளிம்புக்கு எல்லாமே ஒரு தடங்கல்தான். கருவி தடங்கலைப் பெரிதாக்கிக் காட்டும், அந்தத் தடங்கல் எதனால் ஆனது என்று அது சொல்லாது.

செம்புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்ட ரத்தம் வெளியே வருகிறது, நச்சு இறங்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அவை தோலின் மேல்மட்டத்தில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்ததால் வந்த புள்ளிகள், வேறொன்றும் இல்லை. சில நாட்களில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். சீனாவின் குவா ஷா முறையில் இந்தச் சிவப்பைத்தான் இலக்காகவே வைத்துத் தேய்ப்பார்கள். ஆர்யா நீல்சன் என்ற ஆய்வாளரின் குழு 2007இல் நலமாக இருந்த 11 பேருக்குக் குவா ஷா செய்து, தோலடி ரத்த ஓட்டத்தை லேசர் கருவியால் அளந்தது. தேய்த்த இடத்தில் முதல் ஏழரை நிமிடங்களுக்கு நுண் ரத்த ஓட்டம் நான்கு மடங்கானது, அளந்துகொண்டிருந்த 25 நிமிடமும் கூடுதலாகவே இருந்தது. அதனால் சூடு, லேசான உணர்வு எல்லாம் கற்பனை இல்லை. ஆனால் இது தோலின் மேல்மட்டத்தில் நடந்த கதை, ஆழத்தில் ஒரு தழும்பு கரைந்ததற்கான சாட்சி இல்லை.

இந்த வைத்தியம் புதிதும் இல்லை. வியட்நாமில் நாணயத்தால் தேய்க்கிறார்கள், இந்தோனேசியாவில் கெரோக்கான் என்ற பெயரில் எண்ணெய் தடவி நாணயத்தால் முதுகில் கோடு கோடாக இழுக்கிறார்கள், அங்கே அது சளிக்கும் உடம்பு அசதிக்குமான வீட்டு வைத்தியம். 1970களில் வியட்நாம் அகதிக் குடும்பங்கள் அமெரிக்கா போனபோது, குழந்தைகளின் முதுகில் அந்தச் சிவந்த கோடுகளைப் பார்த்த மருத்துவர்கள் யாரோ அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். அது அடி இல்லை, வைத்தியம் என்று மருத்துவ இதழ்களில் எழுதிப் புரியவைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடுகளைப் பெற்றோர் போட்டது அன்பில்தான்.

இப்போதைய ஸ்டீல் கருவிகளின் கதை வேறு வழியில் வருகிறது. லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற மருத்துவர், தசைநாண் வலிக்கு விரல் நுனியால் நாரின் குறுக்கே அழுத்தித் தேய்க்கும் முறையைப் பரப்பியவர். ஆறும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, குறுக்கே தேய்த்தால் அந்த ஒட்டு விடுபடும் என்பது அவர் நம்பிக்கை. இன்றைய உடைக்கிறோம் என்ற பேச்சுக்கு வேர் அங்கேதான். அப்புறம் 1987இல் அமெரிக்காவில் டேவிட் கிராஸ்டன் என்பவர் வாட்டர் ஸ்கீயிங்கில் முட்டியில் அடிபட்டு, சிகிச்சை எடுத்தும் முட்டி சரியாக மடங்காமல் தவித்தார். இயந்திரப் பட்டறை வேலை தெரிந்தவர் என்பதால், விரல் செய்கிற வேலையைச் செய்ய உலோகத்தில் தானே கருவிகள் செய்துகொண்டார். அவை இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் போயின, 1990களில் கிராஸ்டன் டெக்னிக் என்ற பெயரில் ஆறு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கருவிகளாகவும் ஒரு பயிற்சித் திட்டமாகவும் சந்தைக்கு வந்தன. சிகிச்சை செய்கிறவரின் கட்டைவிரல் தேய்மானம் குறைந்தது என்பது இதில் நிஜமான லாபம். நாள் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பிழைக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சரி, தழும்பு உடையுமா? தழும்பு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதி பதில் வந்துவிடும். காயம் பட்ட சில நாட்களுக்கு வீக்கம். அடுத்த சில வாரங்களில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து கொலாஜன் நார்களை அவசர அவசரமாகப் போடுகின்றன. நன்றாக நெய்த வேட்டியில் விழுந்த கிழிசலைக் கையால் கன்னாபின்னாவென்று தைத்து மூடியது போல, முதலில் வரிசை ஒழுங்கு ஒன்றும் இருக்காது. அதற்கப்புறம் ஒரு வருடம்கூட ஆகலாம், உடம்பு அந்தப் பழைய நார்களைக் கரைத்துக் கரைத்து, எந்தத் திசையில் இழுப்பு வருகிறதோ அந்தத் திசையில் புதிதாக அடுக்குகிறது. தோல் காயத்துக்கு மூன்று வாரத்தில் பழைய பலத்தில் ஏறத்தாழ 20 சதவீதம்தான், மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை வரும், அதைத் தாண்டி முழுசாகத் திரும்புவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, தழும்பைச் சீராக்குவது உள்ளே இருக்கிற செல்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கிற வேலை, அதற்கு வழிகாட்டி உடம்பின் அன்றாட இழுப்பும் சுமையும். வெளியிலிருந்து ஐந்து நிமிடம் ஸ்டீலால் வழித்து அந்த வேலையை முடிக்க முடியாது.

விசைக் கணக்கும் அதையே சொல்கிறது. சௌத்ரி என்பவரின் தலைமையில் ஒரு குழு 2008இல் ஒரு கணித மாதிரி வெளியிட்டது. கையால் செய்கிற சிகிச்சையில் சதைப்படலம் எவ்வளவு உருமாறும் என்பதுதான் கேள்வி. பாதத்தின் அடிப்படலத்தையும் தொடையின் வெளிப்பக்கப் படலத்தையும் வெறும் 1 சதவீதம் அமுக்கவோ நகர்த்தவோகூட, மனித உடம்பு சாதாரணமாகச் சந்திக்கிற அளவைத் தாண்டிய விசை தேவை என்று வந்தது. மூக்கில் இருக்கிற மெல்லிய படலம் மட்டும் விதிவிலக்கு. கைக்கடியில் ஏதோ இளகியதாகத் தெரிவது அந்தக் கெட்டிப் படலங்கள் உருமாறியதால் இல்லை என்றே அவர்கள் முடித்தார்கள்.

இதைவிடத் தெளிவான சாட்சி ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்த சிலருக்கு உள்ளே ஒட்டுத் திசு வளர்ந்து முட்டி மடங்காமல் போய்விடும். பயிற்சியில் சரியாகாவிட்டால், பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், மயக்க மருந்து கொடுத்து அறுவை மருத்துவர் தன் கையால் முட்டியை மடக்குகிறார். ஒட்டு விடுபடும்போது கையில் தெரியும், சத்தமும் கேட்கும். அதற்குப் பிறகு அன்றைக்கே முட்டியை மடக்கி நீட்ட ஆரம்பிக்காவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். நிஜமான ஒட்டை விடுவிப்பதென்றால் இவ்வளவு இருக்கிறது. தோலின் மேலிருந்து வழித்தாலே அது போய்விடுமென்றால் யாரும் மயக்க மருந்து வரை போக வேண்டியதில்லை. தோள்பட்டை இறுகிப்போவதும் இதே கணக்குதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது, நம் வீடுகளில் தலை வார முடியாமல், ஜாக்கெட் ஊக்கு போட முடியாமல் தவிக்கிற அம்மாக்கள் எத்தனை பேர். இறுகியிருப்பது மூட்டைச் சுற்றியிருக்கிற உறை, தடித்த சதைக்கு அடியில். மேலே கருவி ஓட்டினால் அந்த உறைக்கு எதுவும் போய்ச் சேராது. இதற்காக வாரக்கணக்கில் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்படியானால் தேய்த்ததும் கழுத்து ஏன் லேசாகிறது, கால் ஏன் கூடுதலாக மடங்குகிறது? இறுக்கமாக இருப்பதாக உணர்வதும் நிஜமாகவே இறுகியிருப்பதும் ஒன்றில்லை என்பதில் இதற்கு விடை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டாஷா ஸ்டான்டன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட முதுகு வலியோடு முதுகு விறைத்திருப்பதாகச் சொன்னவர்களின் முதுகைக் கருவியால் அழுத்தி அளந்தார்கள். விறைப்பு என்று சொன்னவர்களின் முதுகு மற்றவர்களின் முதுகைவிட விறைப்பாக இல்லை. ஆனால் தங்கள் முதுகில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கேட்டபோது அவர்கள் உள்ளதைவிட அதிகமாகக் கணித்தார்கள். அழுத்தத்தோடு சேர்த்துக் கதவு கிறீச்சிடுகிற ஓசையை ஒலிக்கவிட்டால் அந்தக் கணிப்பே மாறியது. விறைப்பு என்பது, பெரும் பகுதி, உடம்பைக் காக்க நரம்பு மண்டலம் தருகிற ஓர் எச்சரிக்கை. எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்தவரின் கழுத்து இறுகுவதும் பெரும்பாலும் இந்த வகை. அங்கே தழும்பு இருக்க நியாயமே இல்லை, கழுத்தில் காயமே படவில்லையே.

ஸ்டீல் விளிம்பு தோலில் இழுபடும்போது ஆயிரக்கணக்கான நரம்பு முனைகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது, இழுத்தால் வலிக்கும் என்று முன்பு நிறுத்திய எல்லையைத் தாண்டி மடக்க மனசு துணிகிறது. சதை நீளமாகவில்லை, பொறுக்கும் அளவு கூடியிருக்கிறது. வெறும் கையால் செய்கிற மசாஜிலும், சதையை நீட்டுகிற பயிற்சியிலும் பெரும்பாலும் இதுவேதான் நடக்கிறது. அதனால்தான் பலருக்கு அந்த லேசு மறுநாள் காலையில் காணாமல் போகிறது. திரும்ப ஒட்டிக்கொண்டதால் இல்லை, எச்சரிக்கை மணி திரும்ப அடிக்க ஆரம்பித்ததால்.

கருவிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஆய்வுகளையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவது எலிகள். மன்சியில் 1990களில், எலிகளின் குதிகால் தசைநாணில் ரசாயனம் செலுத்திப் புண்ணாக்கி, கருவியால் தேய்த்துப் பார்த்தார்கள். தேய்த்த இடத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கூடின, 1999இல் வந்த அடுத்த ஆய்வில் அழுத்தம் கூடினால் செல்களும் கூடின. அழுத்தினால்தான் பலன் என்ற எண்ணத்துக்கு இது தீனி போட்டது. ஆனால் எலியின் தசைநாண் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, மனிதத் தொடையோடு அதை ஒப்பிட முடியாது. செல் கூடினால் வலி குறையும் என்பதும் அந்த ஆய்விலிருந்து வராது. எனக்கு மிகவும் பிடித்தது லோக்மானி, வார்டன் இருவரும் 2009இல் வெளியிட்டது. எலிகளின் இரண்டு முட்டியிலும் உள்பக்க ஜவ்வைக் காயப்படுத்தி, ஒரு பக்கம் மட்டும் கருவியால் குறுக்கே தேய்த்தார்கள். நான்கு வாரத்தில் தேய்த்த பக்கத்து ஜவ்வு 43 சதவீதம் கூடுதல் பலத்தோடு இருந்தது. ஆனால் பன்னிரண்டு வாரத்தில் பலத்தில் வித்தியாசம் இல்லை, தேய்க்காத பக்கமும் தானாக வந்து சேர்ந்துகொண்டது. புதுக் காயம் சற்று சீக்கிரம் ஆறலாம், அவ்வளவுதான் இதிலிருந்து எடுக்க முடியும். பழைய தழும்பை உடைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மனிதர்களிடம் வந்தால் இன்னும் மங்கலாகிறது. 2016இல் சீத்தம் குழு தொகுத்துப் பார்த்தபோது தேறியது ஏழு சோதனைகள். மூட்டின் அசைவு கொஞ்ச நேரத்துக்குக் கூடுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருந்தது, நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை. 2019இல் நசாரி குழுவின் தொகுப்பு இன்னும் கறாராக, வலிக்கும் செயல்பாட்டுக்கும் இதைப் பரிந்துரைக்க இப்போதைய ஆதாரம் இடம் தரவில்லை என்றது. ஆக, கையில் மிஞ்சுவது சில மணி நேரத்துக்கு இளகிய கால்.

ஆனால் அந்தச் சில மணி நேரம் சும்மா இல்லை. நாள்பட்ட குதிகால் தசைநாண் வலியில் மிகவும் சோதிக்கப்பட்ட மருந்து சுமை. ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை இன்றைக்கும் நிற்கிறது: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, முழங்கால் நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, முழங்கால் மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180. வலித்தாலும் தாங்கும் அளவென்றால் தொடரச் சொல்கிறது அந்த முறை. இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள், முதல் வாரத்தில் வலி கூடும் என்பதால். கருவியால் நாலு நிமிடம் தேய்த்து வலியைக் கொஞ்சம் அடக்கி, வலி அடங்கியிருக்கிற அந்த நேரம் கழிவதற்குள் சுமைப் பயிற்சியைச் செய்யவைத்தால் தேய்ப்புக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. இப்படி வேலை செய்கிற நல்ல பிசியோக்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறையில் கருவிக்கு ஐந்து நிமிடம், பயிற்சிக்கு அரை மணி நேரம். அது தலைகீழாக இருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

தோலின் மேல் கண்ணுக்குத் தெரிகிற தழும்பு வேறு விஷயம். சிசேரியன் தையல், முட்டி ஆபரேஷன் கோடு இவற்றில் தோல் நிஜமாகவே அடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கலாம், தொட்டாலே கூசலாம். காயம் முழுசாக மூடி, தையல் பிரித்து, பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு, மருத்துவர் சரி என்றால், விரலால் மெதுவாக நகர்த்திப் பழக்குவது கூச்சத்தைக் குறைக்கவும் தோல் வழுக்கி நகரவும் உதவுகிறது. இதற்குக்கூட ஸ்டீல் கட்டாயமில்லை. தழும்பு தடித்து எழும்பினால் முதல் வைத்தியம் சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் ஷீட், மாதக்கணக்கில் விடாமல். காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகிற கெலாய்டு என்றால் கருவியைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. நம்மைப் போல மாநிறம், கறுப்பு நிறத் தோல் உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது, தேய்த்துப் புண்ணாக்கினால் இன்னும் வளரும். தோல் மருத்துவர் ஊசி போட்டுக் குறைப்பார், அவரிடம் போக வேண்டும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு இந்தக் கருவி வருகிறது, வாங்கி வீட்டிலேயே தேய்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இதய ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள், வார்ஃபரின் எடுக்கிறவர்கள், அதாவது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிற யாரும் வேண்டவே வேண்டாம், சாதாரண அழுத்தமே பெரிய ரத்தக்கட்டாகிவிடும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. நரம்புச் சுருட்டல் இருக்கிற காலில், தோல் நோய் இருக்கிற இடத்தில், புற்றுநோய்க் கட்டியின் மேல் கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அதைத் தேய்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கெண்டைக்கால் வலிக்குக் கிளினிக்குக்கே போவதாக இருந்தாலும் பலனை அளப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சுவருக்கு எதிரே நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும், கால் கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவே அதிகபட்சம் எத்தனை சென்டிமீட்டர் விடமுடிகிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். தேய்த்த உடனே அளந்தால் ஒன்றிரண்டு கூடியிருக்கும், அந்த அளவை நம்ப வேண்டாம். அடுத்த முறை போகும்போது, கருவி படுவதற்கு முன்னால் எடுக்கிற அளவுதான் கணக்கு. அதையும், எத்தனை குதிகால் எழுச்சிகள் வலியில்லாமல் செய்ய முடிகிறது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். நாலு வாரம் ஆகியும் தொடக்க அளவு நகராவிட்டால் இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொல்லாதீர்கள், பயிற்சியில் சுமை போதுமா, செய்கிற விதம் சரியா என்று பிசியோவை உட்காரவைத்துக் கேளுங்கள்.